தரங்கம்பாடி: டேனியக் கோட்டையும் கள்ளக்கடத்தலின் பழைய வரலாறும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரங்கம்பாடிக்கு வருபவர்கள் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடற்கரையில் நின்று கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஐரோப்பாவின் வடபகுதியில் உள்ள டென்மார்க் என்ற சிறிய நாடு இங்கே எப்படிக் கோட்டை கட்டியது, இந்தக் கரையில் கள்ளக்கடத்தல் நடந்ததாகச் சொல்கிறார்களே அது உண்மையா, கோட்டைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்பவையே அவை. இவற்றுக்குக் கதையை விலக்கி, வரலாறு தாங்கும் அளவுக்கு மட்டும் விடை சொல்லும் முயற்சி இது.

தரங்கம்பாடி எங்கே இருக்கிறது? அந்தப் பெயர் எப்படி வந்தது?

மயிலாடுதுறை மாவட்டத்தில், காரைக்காலுக்குச் சற்று வடக்கே, பொறையாறை ஒட்டிய கடற்கரையில் இருக்கிறது. ‘தரங்கம்’ என்றால் அலை. அலைகள் பாடும் ஊர் என்று இன்று பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். கடலோரத்தில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தைச் சேர்ந்த, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. ‘பட்டினம்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். டேனியர் வருவதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே இது துறைமுக ஊராக இருந்தது என்பதற்கு அந்த ஒரு சொல்லே சான்று. ஆளில்லாத கரையில் வெள்ளையர்கள் வந்து ஊரை உண்டாக்கினார்கள் என்று சில வழிகாட்டிகள் சொல்வது சரியன்று.

கோட்டையைக் கட்டியவர்கள் யார்? தஞ்சை மன்னர் ஏன் இடம் கொடுத்தார்?

டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானின் ஆதரவில் 1616இல் டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டது. 1618இல் ஓவே கியெத்தே என்ற இளம் கடற்படைத் தலைவரின் பொறுப்பில் கப்பல்கள் இலங்கையை நோக்கிப் புறப்பட்டன. இலங்கையில் எண்ணிய காரியம் கைகூடவில்லை. முன்னதாக அனுப்பப்பட்ட கப்பலைக் காரைக்கால் கடற்பகுதியில் போர்ச்சுகீசியர் தாக்கி அழித்தனர். அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப் என்ற வணிகர் தஞ்சை அரசவையை அடைந்தார். அங்கே நடந்த பேச்சின் முடிவாக, 1620 நவம்பரில் இரகுநாத நாயக்கர் டேனியருக்குத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டவும் வணிகம் செய்யவும் உரிமை கொடுத்தார்.

நாயக்கர் இதை அப்பாவித்தனமாகச் செய்ததாக எண்ண வேண்டியதில்லை. நாகப்பட்டினத்தில் போர்ச்சுகீசியர் வலுவாக இருந்தார்கள். ஒரே ஐரோப்பிய வணிகரை நம்பியிருப்பதைவிட, போட்டிக்கு இன்னொருவரைக் கொண்டுவந்து நிறுத்துவது அரசுக்கு ஆதாயம். அதோடு ஆண்டுக்கு 3,111 ரூபாய் குத்தகையும் உண்டு. டேனியருக்கோ மிளகு வேண்டும். இருவருக்கும் பொருந்திய உடன்பாடுதான் இந்தக் கோட்டைக்கு அடித்தளம்.

கோட்டைக்குள் என்னென்ன இருந்தன?

டேன்ஸ்பர்க் என்று டேனியர் பெயரிட்ட இக்கோட்டை, கடலைப் பார்த்து நிற்கும் இரண்டு தளக் கட்டடத்தையும் அதைச் சூழ்ந்த மதிலையும் கொத்தளங்களையும் கொண்டது. கீழ்த்தளத்தின் வளைவுக்கூரை அறைகளில் சரக்குக் கிடங்கு, வெடிமருந்து அறை, சமையற்கூடம், சிறை ஆகியவை இருந்தன. மேல்தளத்தில் ஆளுநரும் மூத்த வணிகர்களும் பாதிரியாரும் தங்கினார்கள். 1701இல் சீயோன் ஆலயம் கட்டப்படும்வரை வழிபாடும் கோட்டைக்குள்தான் நடந்தது. படைவீரர்களைவிடச் சரக்குக்கே இங்கு இடம் அதிகம் என்பது உள்ளே நடந்து பார்ப்பவர்களுக்குத் தானாகவே புலப்படும். சுருங்கச் சொன்னால், பீரங்கி பூட்டிய பண்டகசாலை இது.

முப்பது ஆண்டுகள் ஒரு கப்பலும் வரவில்லை என்கிறார்களே, உண்மையா?

ஏறக்குறைய உண்மைதான். இக்கோட்டையின் வரலாற்றில் எனக்கு மிகவும் வியப்பளிக்கும் பகுதியும் இதுவே. ஐரோப்பியப் போர்களில் சிக்கிப் பணமின்றித் தவித்த டென்மார்க்கிலிருந்து 1639க்குப் பிறகு கப்பல் புறப்படுவது நின்றது. 1650இல் கம்பெனியே கலைக்கப்பட்டது. இங்கிருந்தவர்களோ ஒவ்வொருவராக இறந்தார்கள் அல்லது வேறு இடம் தேடிப் போனார்கள். 1655 வாக்கில் கோட்டையில் எஞ்சியிருந்த ஒரே டேனியர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்க. படிப்பறிவில்லாத, எளிய குடியில் பிறந்த வீரர் அவர். குத்தகைப் பாக்கிக்காகத் தஞ்சைப் படை முற்றுகையிட்டபோதெல்லாம், உள்ளூர் ஆட்களின் துணையோடு அவர் கோட்டையைக் காத்தார். ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். இறுதியில் நாயக்கரோடு உடன்பாடும் செய்துகொண்டார். 1669இல்தான் அடுத்த டேனியக் கப்பல் கரைக்கு வந்தது.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கான விடைதான் நம் பொருளுக்கு நெருக்கமானது. வங்காள விரிகுடாவில் சென்ற வங்காளத்துக் கப்பல்களைப் பிடித்து, அவற்றின் சரக்கை விற்றே கோட்டைச் செலவு நடந்தது. 1642 முதல் முகலாயப் பேரரசோடு போரில் இருப்பதாக டேனியர் அறிவித்திருந்தார்கள். அந்தப் பகை 1698 வரை நீடித்தது. போர் என்ற பெயர் இருந்ததால் கப்பல் பிடிப்பது அவர்கள் கணக்கில் நியாயமாயிற்று. சரக்கைப் பறிகொடுத்த வணிகரின் கணக்கில் அது கொள்ளை.

கடற்கொள்ளையும் கள்ளக்கடத்தலும் ஒன்றா?

இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் கோட்டையைப் பற்றிய பல கதைகள் தடம் மாறிப் போகின்றன. கொள்ளை என்பது பிறர் சரக்கைப் பறிப்பது. கடத்தல் என்பது தன் சரக்கையே, சுங்கம் கட்டாமலோ தடையை மீறியோ, ஓர் எல்லையைத் தாண்டிக் கொண்டுசெல்வது. அதற்கு எல்லை வேண்டும்; எல்லைக்கு இப்பால் ஒரு விலையும் அப்பால் வேறு விலையும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத கரையில் கடத்தல்காரனுக்கு வேலை இல்லை. தரங்கம்பாடியைச் சுற்றியோ கடந்த 400 ஆண்டுகளில் இவ்விரண்டும் ஏதேனும் ஒரு வடிவில் இருந்துகொண்டே இருந்தன.

அப்படியானால் டேனியர்கள் கடத்தல்காரர்களா?

தங்கள் நாட்டுச் சட்டப்படி இல்லை. ஆனால் அவர்களுடைய செழிப்பின் பெரும்பகுதி, மற்றவர்களின் சட்டத்தை மீறுவதற்கு இடம் கொடுத்ததால் வந்தது. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகள் வங்காளத்திலும் சென்னையிலும் முறையாகவும் முறைகேடாகவும் பெருஞ்செல்வம் சேர்த்தார்கள். அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோவது எளிதாக இல்லை. கம்பெனி தன் வழியாக அனுப்பக்கூடிய தொகைக்கு வரம்பு வைத்திருந்தது. எவ்வளவு சேர்த்தார் என்பதைக் கம்பெனியிடம் காட்டவும் பல அதிகாரிகள் விரும்பவில்லை. அவர்கள் தங்கள் பணத்தை இந்தியாவிலேயே டேனியருக்கும் பிற ஐரோப்பியருக்கும் கடனாகக் கொடுத்தார்கள். டேனியர் அந்தப் பணத்தில் துணியும் பிற சரக்கும் வாங்கிக் கோபன்ஹேகனுக்கு ஏற்றினார்கள். சரக்கு விற்றதும், பணம் கொடுத்த ஆங்கிலேயருக்கு ஐரோப்பாவில் பணமாக மாற்றத்தக்க உண்டியல் சீட்டு கிடைத்தது. இங்கே ரொக்கம், அங்கே ரொக்கம், நடுவில் ஒரு சீட்டு. 20ஆம் நூற்றாண்டில் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பணம் அனுப்பியவர்கள் ‘உண்டியல்’ என்று சொன்ன முறைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

அடுத்தது கொடி. 1778 முதல் 1783 வரை பிரிட்டன் பிரான்சோடும், பிறகு ஹாலந்தோடும் போரில் இருந்தபோது, டென்மார்க் நடுநிலை வகித்தது. போரிடும் நாடுகளின் கப்பல்கள் கடலில் பிடிபடும். நடுநிலைக் கொடி பறக்கும் கப்பல் தப்பும். ஆகவே பிரெஞ்சு, டச்சு வணிகர்களின் சரக்குகள் டேனியக் கொடியின் கீழ், டேனியத் தாள்களோடு, டேனியருடையவை என்ற பெயரில் பயணம் செய்தன. 1777இல் டேனிய அரசு, பின்னாளில் வந்த டேனிய ஆசியக் கம்பெனியிடமிருந்து தரங்கம்பாடியை நேரடியாகத் தன் கையில் எடுத்துக்கொண்டிருந்ததால், தனியார் வணிகத்துக்குக் கதவும் திறந்திருந்தது. இன்று தரங்கம்பாடியில் நாம் பார்த்து மகிழும் பெரிய வீடுகளும் 1792இல் எழுந்த நகர வாயிலும் அந்தச் செழிப்பின் காலத்தைச் சேர்ந்தவை. அந்தச் சுண்ணாம்புச் சுவர்களில் போர்க்காலக் கள்ளக்கணக்கின் ஆதாயமும் கலந்திருக்கிறது என்பதை அறிந்துகொண்டு பார்ப்பது நல்லது.

மூன்றாவது தேயிலை. இது தரங்கம்பாடிச் சரக்கன்று. டேனிய ஆசியக் கம்பெனி சீனத்தின் காண்டன் துறையில் வாங்கியது. ஆனாலும் அதே வணிக வலையின் பகுதி. டென்மார்க் மக்கள் குடித்துத் தீர்க்க முடியாத அளவு தேயிலை கோபன்ஹேகனில் இறங்கியதற்குக் காரணம், அதில் பெரும்பங்கு பிரிட்டனுக்குள் கள்ளத்தனமாகப் போனதே. அங்கே தேயிலை வரி ஏறக்குறைய 119 விழுக்காடாக இருந்தது. 1784இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதை 12.5 விழுக்காடாகக் குறைத்ததும் தேயிலைக் கடத்தல் சரிந்துவிட்டது. எத்தனை காவற்படகுகளாலும் செய்ய முடியாததை ஒரு வரிக்குறைப்பு செய்தது. இதே நிகழ்ச்சி 200 ஆண்டுகளுக்குப் பிறகு நம் நாட்டில் தங்கத்தில் நடந்ததைப் பின்னால் பார்ப்போம்.

டேனியர் ஏன் ஊரை விற்றார்கள்?

1807இல் கோபன்ஹேகனைப் பிரிட்டிஷார் தாக்கியதோடு நடுநிலை வணிகம் முடிந்தது. 1808இல் தரங்கம்பாடியைப் பிடித்த ஆங்கிலேயர் 1815இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் வணிகர்கள் போய்விட்டார்கள். 1845இல் தரங்கம்பாடியும் வங்காளத்துச் செராம்பூரும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. சில ஆண்டுகள் தஞ்சை மாவட்ட ஆட்சியரின் தலைமையிடமாக இருந்த ஊர், அதையும் 1860இல் இழந்தது. 1861இல் நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்தபின் துறைமுகமும் ஓய்ந்தது. எல்லையும் கொடியும் போனதும் ஊருக்கு வருமானமும் போய்விட்டது.

உப்புக் கடத்தல் இங்கே நடந்ததா?

சென்னை மாகாணத்தில் 1805 முதல் உப்பு அரசின் ஏகபோகம். கடலோரத்தில் வாழ்பவன் கைக்கெட்டும் தூரத்தில் விளையும் உப்பை, அரசு வைத்த விலைக்குத்தான் வாங்க வேண்டும். அப்படிப்பட்ட ஒரு கரையின் நடுவே பிறநாட்டுப் பகுதிகள் இருந்தால், அங்கிருந்து உப்பு கசியும் என்ற அச்சம் ஆங்கிலேயருக்கு எப்போதும் இருந்தது. அந்த அச்சத்தின் அளவை 1815ஆம் ஆண்டின் ஆங்கிலேய–பிரெஞ்சு உடன்படிக்கை காட்டுகிறது: பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பு உரிமைக்கு ஈடாக ஆண்டுதோறும் 4 லட்சம் ரூபாய் தர ஆங்கிலேயர் இசைந்தார்கள். காரைக்காலின் உப்பும் இதில் அடக்கம். ஓர் அரசு இன்னொரு அரசுக்கு அவ்வளவு தொகை கொடுத்து உப்பைக் கட்டுப்படுத்த முனைந்தது என்றால், தலைச்சுமையாக இரவில் எல்லை தாண்டும் உப்பின் வலிமையை நாமே கணித்துக்கொள்ளலாம்.

பிரெஞ்சுக் காரைக்கால் இருந்ததால் தரங்கம்பாடிக்கு என்ன நேர்ந்தது?

இடையிடையே ஆங்கிலேயர் பிடித்துவைத்திருந்த ஆண்டுகளைத் தவிர, 1739 முதல் 1954 வரை காரைக்கால் பிரெஞ்சுக்காரரின் கையில் இருந்தது. தரங்கம்பாடிக்குத் தெற்கே நண்டலாறு என்ற சிற்றாறு. அதைத் தாண்டினால் வேறு அரசு, வேறு சுங்கம். கோடையில் இறங்கி நடந்தே கடக்கக்கூடிய அளவு எல்லை அது. உறவினர்கள் இருபுறமும் இருந்தார்கள். கோயில் திருவிழாவுக்கும் பெண் கொடுத்து எடுப்பதற்கும் எல்லை தடையாக இருந்ததில்லை.

1941இல் பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சு இந்தியாவும் ஒரு சுங்க ஒன்றியத்தில் இணைந்தபோது கடத்தலுக்குத் தேவை குறைந்தது. விடுதலைக்குப் பின் 1949இல் இந்தியா அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டது. அதன்பின் 1954 நவம்பர் 1ஆம் நாள் பிரெஞ்சுப் பகுதிகள் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வரும்வரையிலான ஐந்தாண்டுகளில், புதுச்சேரியும் காரைக்காலும் தங்கம், வைரம், கைக்கடிகாரம், வெளிநாட்டு மது ஆகியவை நுழையும் வாசல்களாயின. கப்பலில் முறையாக வந்து பிரெஞ்சுத் துறையில் இறங்கிய சரக்கு, அங்கிருந்து இந்திய எல்லையைக் கள்ளத்தனமாகக் கடந்தது. இந்தக் கரையின் முதியவர்கள் ‘பிரெஞ்சுக் காலம்’ என்று சொல்லும்போது அவர்கள் நினைவில் நிற்பவற்றில் இதுவும் ஒன்று.

தங்கக் கடத்தல் எப்போது பெருகியது? எப்படி நடந்தது?

1947க்குப் பின் தங்க இறக்குமதிக்குத் தடை. 1963இல் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை செய்வதையே தடுத்தன. 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பெண்ணுக்குப் போடும் நகையே அவளுடைய சீதனமும் சேமிப்புமாக இருக்கும் நாட்டில் தேவை எப்படிக் குறையும்? உள்நாட்டு விலை உலக விலையைவிட வெகுவாக உயர்ந்தது. அந்த இடைவெளியில் கடத்தல் பெருந்தொழிலாயிற்று. மேற்குக் கரைக்குத் துபாயிலிருந்தும், கிழக்குக் கரைக்கு இலங்கை, சிங்கப்பூர் வழியாகவும் தங்கம் வந்தது. கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் இடையே கடல் 60 கிலோமீட்டர் அளவே என்பதால், வேதாரண்யத்திலிருந்து இராமநாதபுரம் வரையிலான கரைகளே அதிகம் பேசப்பட்டன; காரைக்காலை ஒட்டிய வடபகுதி அதன் விளிம்பில் இருந்தது.

சரக்கின் அலகு ‘பிஸ்கட்’. பத்துத் தோலா எடையுள்ள, அதாவது 116.6 கிராம் கொண்ட, வெளிநாட்டு முத்திரை குத்திய தங்கக்கட்டி அது. வரிசை வரிசையாகச் சிறு பைகள் தைத்த தடித்த துணிச்சட்டையில் நூறு பிஸ்கட்டுகளைச் செருகினால் ஒருவர் உடம்பில் 11 கிலோவுக்கு மேல் தங்கம் ஏறிவிடும். நடுக்கடலில் படகு மாற்றி, நிலவில்லாத இரவில் சவுக்குத் தோப்பை ஒட்டிய ஆளில்லாக் கரையில் இறக்கி, விடியுமுன் உள்நாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தங்கத்தோடு கைக்கடிகாரம், டிரான்சிஸ்டர் வானொலி, நைலான் துணி, வாசனைப் பொருள்கள் ஆகியவையும் வந்தன. இங்கிருந்து படகுகள் வெறுமனே போகவில்லை. 1970 முதல் 1977 வரை இலங்கை இறக்குமதியை இறுக்கியிருந்த ஆண்டுகளில், சேலையும் கைலியும் மூட்டை மூட்டையாக அக்கரை போயின.

கடத்தல் தங்கத்தைக் கோட்டைக்குள் பதுக்கினார்களா? சுரங்கப்பாதை உண்டா?

கோட்டை இருக்கும் ஊர் ஒவ்வொன்றிலும் கேட்கப்படும் கேள்வி இது. இங்கே சுரங்கம் என்று கைகாட்டப்படும் இருண்ட அறைகள் மேலே சொன்ன கீழ்த்தளக் கிடங்குகளே. டேனியருக்குத் தங்கள் கோட்டைக்குள் தங்கள் சரக்கைக் கொண்டுவர ஒளிவுமறைவு தேவைப்படவில்லை. அவர்களே சுங்க அதிகாரி, அவர்களே வணிகர்.

20ஆம் நூற்றாண்டைப் பொறுத்தவரை இன்னும் எளிய விடை உண்டு. ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1978 வரை இக்கோட்டை அரசு அதிகாரிகள் தங்கும் விடுதியாகப் பயன்பட்டது. தங்கக் கடத்தல் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில், சுற்றுப்பயணம் வரும் அதிகாரி படுத்துறங்கும் கட்டடத்தில் சரக்கை ஒளிக்க எந்தக் கடத்தல்காரனும் துணியமாட்டான். அதன்பிறகு கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்புக்கு வந்து அருங்காட்சியகமாயிற்று.

மீனவர்கள் எல்லோரும் கடத்தலில் ஈடுபட்டார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் தயவுசெய்து சற்று நிதானிக்க வேண்டும். கடத்தலில் முதல் போட்டவர்களும் லாபத்தை எடுத்தவர்களும் பெரும்பாலும் கடலில் கால் நனைக்காதவர்கள். நகரங்களில் கடை வைத்தும் வட்டிக்கு விட்டும் வாழ்ந்தவர்கள். நீரோட்டமும் மணல்திட்டும் அறிந்த படகோட்டிக்குக் கிடைத்தது ஓரிரவுக் கூலி. அந்தக் கூலி ஒரு மாத மீன்பாட்டைவிட அதிகமாக இருந்திருக்கலாம். பிடிபட்டால் சிறையும் படகு பறிமுதலும் அவனுக்குத்தான். மழைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாமல், படகுக்கும் வலைக்கும் வாங்கிய கடனோடு இருப்பவனிடம் அந்தக் கூலியை நீட்டினால் அவன் என்ன செய்வான் என்பதை எளிதாகத் தீர்ப்பளிக்க என்னால் முடியவில்லை. அதே வேளையில் அந்தப் பக்கமே போகாமல், வலையை மட்டுமே நம்பி வாழ்ந்த குடும்பங்கள்தான் இந்தக் கரையில் மிகப் பெரும்பாலானவை. ஒரு சிலர் செய்ததற்காகக் கரை முழுவதற்கும் ‘கடத்தல் ஊர்’ என்று பெயர் சூட்டுவது அநீதி. அந்தப் பெயரால் அப்பாவி இளைஞர்கள் விசாரணைக்கு இழுக்கப்பட்ட துன்பம் கரையோர ஊர்கள் பலவற்றுக்கும் உண்டு.

சுங்கத்துறைக்குத் துப்புக் கொடுப்பவருக்குப் பிடிபடும் சரக்கின் மதிப்பில் ஒரு பங்கு வெகுமதியாகக் கிடைக்கும் என்பதால், ஊருக்குள் ஒருவரையொருவர் ஐயுறும் நிலையும் உண்டாயிற்று. சட்டம் படித்தவர்கள் பேசாத இழப்பு அது.

பிறகு எப்படிக் குறைந்தது?

1974 டிசம்பரில் அந்நியச் செலாவணிப் பாதுகாப்பு மற்றும் கடத்தல் தடுப்புச் சட்டம், சுருக்கமாகக் காஃபிபோசா, நடைமுறைக்கு வந்தது. வழக்கு நடத்தித் தண்டனை வாங்காமலேயே ஒருவரை ஓராண்டுவரை தடுத்து வைக்க அது வழி செய்தது. 1976இல் கடத்தல்காரரின் சொத்தைப் பறிமுதல் செய்யும் சட்டமும் வந்தது. இவற்றால் பெரும்புள்ளிகள் சிலர் சிறைக்குப் போனார்கள். ஆனால் தங்கம் வருவது நிற்கவில்லை. 1990இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 1992இல் வெளிநாடுவாழ் இந்தியர் ஒருவர் 5 கிலோ தங்கம் வரை சுங்கம் கட்டிக் கொண்டுவரலாம் என்ற நிலை வந்தபோதுதான் படகில் தங்கம் கொண்டுவரும் தொழில் ஒடிந்தது. 1784இல் பிரிட்டனில் தேயிலைக்கு நேர்ந்ததே இங்கே தங்கத்துக்கும் நேர்ந்தது. தடுப்புக்காவல் சட்டத்தின் கடுமையைப் பெருமையாகப் பேசுபவர்கள் 1784, 1992 என்ற இந்த இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இடைப்பட்ட 1980களில் பாக் நீரிணையில் வேறொரு காலம் தொடங்கியது. இலங்கை உள்நாட்டுப் போரினால் ஆயுதமும் எரிபொருளும் மருந்தும் அகதிகளும் கடந்த கடல் அது. அந்த வரலாற்றைக் கடத்தல் என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட முடியாது. தனியாக எழுத வேண்டிய பொருள்.

இன்றும் நடக்கிறதா?

நடக்கிறது, சரக்குதான் மாறியிருக்கிறது. காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. அங்கே மதுவின் வரி குறைவு, விலையும் குறைவு. நண்டலாறு சோதனைச்சாவடியில் மதுப்புட்டிகளோடு வண்டிகள் பிடிபடும் செய்தி நாளேடுகளில் அடிக்கடி வருவதற்குக் காரணம் அதுதான். பிரெஞ்சுக்காரர் போய் எழுபது ஆண்டுகள் கடந்தும், அவர்கள் விட்டுச்சென்ற கோடு இன்னும் ஒரு விலைக்கோடாகவே நிற்கிறது.

கடல்வழியில், இலங்கை 2020இல் மஞ்சள் இறக்குமதியைத் தடுத்ததும், தமிழகக் கரையிலிருந்து மஞ்சள் மூட்டைகள் படகேறின. சமையலறை மஞ்சளும் கடத்தல் பொருளாகும் என்று அதற்குமுன் யார் எண்ணியிருப்பார்கள்? கடல் அட்டையும் இந்தக் கரைகளில் பிடிபடும் சரக்கு. 2001 முதல் இந்தியாவில் அது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், பிடிப்பதே குற்றம்.

சீகன்பால்கு இந்தக் கோட்டையில் சிறை இருந்தாரா?

ஆம். 1706 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியச் சமயப்பணியாளர் பர்த்தலோமேயு சீகன்பால்கு, டேனியத் தளபதியோடு ஏற்பட்ட மோதலால் 1708–1709இல் நான்கு மாதம் இங்கே அடைக்கப்பட்டிருந்தார். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்டவர் அவர். தரங்கம்பாடிக்கு வரும் தமிழர் பலருக்குக் கோட்டையைவிட அந்த அச்சுக்கூடத்தின் நினைவே பெரிது, அது நியாயமும்கூட.

கோட்டையைக் கடல் கொண்டுபோய்விடுமா?

மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் விழுங்கியதைப் பார்த்தவர்களுக்கு இந்த அச்சம் வருவது இயல்பு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. தரங்கம்பாடி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. கோட்டை நின்றது; அதை அடுத்த மீனவர் குப்பத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அதன்பின் கரையில் பாறைகளைக் கொட்டித் தடுப்பு அமைத்திருக்கிறார்கள். டென்மார்க்கிலிருந்து வந்த ஆர்வலர்களும் நம் தொல்லியல் துறையும் சேர்ந்து கோட்டையைப் பழுதுபார்த்தார்கள். சுவரைக் காக்க எடுத்த அக்கறைக்கு ஈடாகக் கரையோரக் குடும்பங்களைக் காப்பதிலும் அக்கறை இருக்க வேண்டும். கோட்டைக்கு 400 ஆண்டு என்றால், அந்தக் குப்பத்தின் தொழிலுக்கு அதைவிட வயது கூடுதல்.

பார்க்க வருபவர்கள் எதைத் தவறவிடக் கூடாது?

அருங்காட்சியகத்தில் டேனியர் இங்கேயே அச்சடித்த சிறிய ஈயக் காசுகளை நின்று பாருங்கள். மன்னரின் பெயரெழுத்து பொறித்த அந்தச் சின்னக் காசு, இந்த ஊர்ச் சந்தையில் மீனுக்கும் அரிசிக்கும் கைமாறியது. பிறகு மேல்தளத்தில் கடல் பக்கத்துக்குச் சென்று நின்றால், கப்பல் வருகிறதா என்று கோங்ஸ்பாக்க ஆண்டுக்கணக்கில் பார்த்திருந்த இடம் அதுதான் என்பது விளங்கும். வெளியே வந்ததும் கோட்டைக்கு எதிரே உள்ள ஆளுநர் மாளிகை, இராஜ வீதி, சீயோன் ஆலயம், 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், நகர வாயில் என்று நடந்தே பார்த்துவிடலாம். மாலையில் வெயில் தாழ்ந்தபின் கோயில் பக்கம் போவது நல்லது.

கடத்தல் காலத்தைப் பற்றி ஊர்ப் பெரியவர்களிடம் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் வந்ததும் அதையே கேட்காதீர்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் அன்றைய மீன்பாட்டைக் கேளுங்கள், காற்று எந்தப் பக்கம் என்று கேளுங்கள், சுனாமியில் வீட்டில் எல்லோரும் தப்பினார்களா என்று கேளுங்கள். பேச்சு நீண்டால் பழைய காலத்துக் கதை தானாக வரும். கைப்பேசியை நீட்டிப் பதிவு செய்யவும், பெயர் கேட்டுக் குறித்துக்கொள்ளவும் வேண்டாம். அந்தக் கதையில் வரும் ஆட்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே தெருவில்தான் வாழ்கிறார்கள்.